ஈப்போ அக்காவின் படலை

ஈப்போ அக்கா ஈப்போவைப் பார்த்ததில்லை. கப்பலைக்கூடப் பார்த்ததில்லை. அவருடைய கணவர் மலாயாவில், ஈப்போ என்ற ஊரில், றெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். அதனால் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்கள் குறுந்தெரு, எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு நாள் பலருக்குக் கேட்கும்படி வாசிக்கப்பட்டது. அவ்வளவு போதும்.

நான் கலியாணம் செய்து அந்த ஒழுங்கைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவுக்கு நாற்பது இருக்கும். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும். நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. தெரியாதவர்கள் பெயர் கேட்டால் அதையே தடுமாறித்தான் சொல்வேன். அக்கா என்னிடம் பதில் எதிர்பார்க்காமல் கதைப்பார். வேலிக்கு அந்தப்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டே, இந்தப்பக்கம் நான் நிற்கிறேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் அவரோடு இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் வெளியே போகும்போது வேலி வாசலில் உள்ள படலையைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போவார்கள். அக்கா கட்டமாட்டார். ஊர் மாடு உள்ளே வந்து பயிற்றங்கொடியை மேய்ந்த பிறகும் கட்டவில்லை.

"கட்டினால் வாறவை ஆளில்லையெண்டு திரும்பிப் போடுவினம், பிள்ளை" என்பார்.

யார் வருவார்கள் என்று நான் கேட்டதில்லை.

அவரிடம் இரவல் கேட்டால் இல்லையென்ற சொல் வராது. உரல், ஏணி, குடை, கடகம் எல்லாம் ஊர் சுற்றிக்கொண்டேயிருக்கும். எது எந்த வீட்டில் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. "கொண்டு வருவினம்" என்பார். கொண்டும் வந்தார்கள். ஒருமுறை, தோளில் மூட்டையோடு துணி விற்று வந்த ஒருவன், அவருடைய கூறைச்சேலைக்குக் கரை மாற்றித் தருவதாகச் சொன்னான். அவன் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் போயிற்று. ஒழுங்கைத் தலைப்பில் கல்வீடு கட்டியிருந்தவரை நாங்கள் கல்வீட்டார் என்போம். அவர் போகும்போதும் வரும்போதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"என்ன ஈப்போ, சேலை நடந்து வருகுதோ, கப்பலிலை வருகுதோ?"

"வருவான், அண்ணை."

எட்டாம் மாதம் அவன் வந்தான். காய்ச்சலில் கிடந்தானாம். அக்காவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரிடத்தில் நூல் விட்டிருக்கிறதென்று அவனை நன்றாக ஏசினார். அதன் பிறகு, "ஈப்போ சொன்னால் செத்தவனும் எழும்பி வருவான்" என்பது கல்வீட்டாருடைய பகிடியாகிப் போயிற்று.

அவர் சொல்லியும் வராதவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். மாதம் ஒருமுறை அவருடைய கணவருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். பசு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, மேற்கு வேலி அடைத்தது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். "எப்போது வருவீர்கள் என்று கேட்டு எழுதவோ?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"கேட்டால் அந்தாளுக்கு நெருக்கடியாய் இருக்கும். வருவார்தானே" என்றார்.

அப்போது அவரிடமிருந்து கடிதம் வந்து நான்கு வருடமாகியிருந்தது.

செல்லன் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் துலா மிதிக்கிறவன். கிணற்றடியில் நிற்கிற நீளமான துலாவில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்துக் கொடுப்பது அவனுடைய வேலை. கீழே வாளியைப் பிடிக்கிறவன் களைத்துப்போவான். மேலே நடக்கிற செல்லன் களைக்கமாட்டான். அவனுக்கென்று ஒரு பிடி நிலமில்லை. குடிசை போட்டிருந்ததும் வேறொருவர் காணி மூலையில். அவனுடைய சொந்தக்காரர் எல்லாரும் அப்படித்தான், பிறர் காணிகளில் ஒதுங்கியிருந்தார்கள். அந்த வருடம் அக்கா தம்முடைய சீதனக் காணியில் ஆயிரம் கண்டுத் தறையை, அதாவது ஆயிரம் புகையிலைக் கன்று நடக்கூடிய நிலத்தை, அவனுக்குப் பாதிப் பங்குக்குக் கொடுத்தார்.

"உவங்களுக்குத் தறை குடுத்தால் விளைஞ்சதோடை ஓடியிடுவாங்கள்" என்றார் கல்வீட்டார்.

"எங்கை ஓடுறது, அண்ணை? ஆயிரம் கண்டையும் கிளப்பிச் சுமந்துகொண்டோ?"

செல்லன் தன் வாழ்நாளில் தனக்கென்று நட்ட முதல் கன்றுகள் அவை. விடியற்புறம் மற்றவர்களுடைய கிணறுகளுக்குப் போகுமுன் தறையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் போவான்.

மார்கழி முடிய அவனைப் பொலிசு பிடித்துக்கொண்டு போனது. புகையிலை வியாபாரி ஒருவர் விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்திருந்த சிப்பங்களில் மூன்று காணாமற் போயின. அந்தக் கிழமை சிப்பம் ஏற்றி இறக்கக் கூலிக்குப் போனவன் செல்லன். சிப்பங்கள் இருந்த அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பை வைத்திருந்தவன் கல்வீட்டாருடைய இரண்டாவது மகன். இரண்டு பேரையும் பிடித்தார்கள். எடுத்தது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செல்லன் இல்லையென்று அக்கா சொன்னார். அவர் அதற்கு ஆதாரம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பேரையும் நீதவான் முன் நிறுத்துகிற நாளில் அக்கா தம்முடைய காணி உறுதிப் பத்திரத்தைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். எழுத்து வாசிக்கத் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். கோடு என்று நாங்கள் சொல்லும் நீதிமன்றம் நாலு கட்டை, அதாவது நாலு மைல், தூரம். நடந்தோம். அந்தக் கட்டடத்துக்குள் நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நுழைந்தேன்.

இரண்டு பேரையும் பிணையில் விடலாம் என்றுதான் நீதவான் சொன்னார். ஆளுக்கு ஒரு காணிக்காரர் பிணை நிற்க வேண்டும். கல்வீட்டார் உறுதியோடு முன்னால் போனார், கையெழுத்துப் போட்டார், மகன் கூண்டைவிட்டு இறங்கினான். பாக்குப் போட்டுக் கடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு செல்லனுக்கு யார் என்று கேட்டார்கள். அக்கா எழுந்து போனார்.

நீதவான் இங்கிலீசில் கேட்பதை மொழிபெயர்க்கிற கோட்டு முதலியார் தமிழில் கேட்டார்.

"காணி ஆற்றை பேரிலை?"

"என்ரை பேரிலை. சீதனக் காணி."

"புருஷன் எங்கை?"

"மலாயாவிலை, ஐயா."

முதலியார் திரும்பி நீதவானோடு கதைத்துவிட்டுச் சொன்னார். "சீதனமெண்டாலும் புருஷன்ரை சம்மதம் எழுத்திலை இல்லாமல் நீர் காணியைப் பிணைக்கு வைக்கேலாது. உங்கடை தேசவழமைச் சட்டம் அப்பிடி. அவர் வரட்டும்."

"வருவார்" என்றார் அக்கா. பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். அக்கா நகரவில்லை. "ஐயா, இவன் ஒரு தவணையும் பிந்தமாட்டான். தறையிலை ஆயிரம் கண்டு நிக்குது. ஒண்டவிட்ட நாள் தண்ணி விட வேணும். அதை விட்டிட்டு எங்கை போவான்? காணியைப் பாராதேங்கோ. நான் சொல்லுறன், வருவான்."

முதலியார் அதை இங்கிலீசில் சொல்லவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். செல்லனை, வழக்கு முடியும்வரை அடைத்து வைக்கிற விளக்கமறியலுக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே, காசு வாங்காமல் ஒரு பிரக்கிராசியார், அதாவது வழக்கறிஞர், எங்களுக்கு யோசனை சொன்னார். வயதானவர், நல்ல மனிதர்.

"ஒரு வழி இருக்கு, பிள்ளை. புருஷன் உம்மைக் கைவிட்டிட்டார், இனி வரமாட்டார், இருக்கிற இடமும் தெரியாது எண்டு ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுக் குடும். அவற்றை சம்மதத்துக்குப் பதிலாய்ப் பட்டினத்துக் கோடு உத்தரவு தரும். பிறகு ஆரும் உம்மை மறிக்கேலாது."

"இருக்கிற இடம் தெரியுமே. ஈப்போ."

"கடதாசி வருகுதோ?"

"அந்தாளுக்கு வேலை கூட."

பிரக்கிராசியார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்ப எழுதிச் சம்மதம் எடும்" என்றார். "போக வர ரெண்டு மாசம் செல்லும். அதுவரைக்கும் அவன் உள்ளுக்கைதான்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அக்கா கடிதம் சொல்ல, நான் எழுதினேன். எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். அதைப்போல ஒன்று எழுதியதில்லை. ஏனென்றால் அது போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். என்னுடைய அண்ணை அப்போது மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஆறு மாதத்துக்கு முன், ஆனியில், எனக்கு எழுதியிருந்தார்: ஈப்போ அக்காவின் கணவர் ஈப்போவைவிட்டுப் போய்ப் பல வருடம்; இன்னொரு பெண்ணோடும் இரண்டு பிள்ளைகளோடும் எங்கேயோ வடக்கில் இருக்கிறார்; யாழ்ப்பாணத்துக்கு இனித் திரும்புகிற எண்ணமில்லை என்று அவர் வாயாலேயே கேட்டவர்கள் சொன்னார்கள். "அந்த மனிசிக்குச் சொல்லுறதும் விடுறதும் உன்ரை யோசனை" என்று முடித்திருந்தார். நான் அதை மடித்துப் பெட்டகத்தில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் மாதாமாதம் ஈப்போவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இப்போதும் சொல்லவில்லை. "உங்கள் சம்மதத்தை உடனே எழுத்தில் அனுப்பி உதவவும்" என்று எழுதி, உறையை ஒட்டினேன்.

தையில் வெயில் ஏறியது. செல்லனுடைய கன்றுகளுக்குத் தண்ணீர் விட ஆளில்லை. வியாபாரியோடு பகைக்க மனமில்லாமல் துலா மிதிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னார்கள். செல்லனுடைய மனைவி வள்ளி படலைக்கு வெளியே வந்து நின்று அழுதாள். "வாடுது நாச்சியார். பாக்க ஏலாமல் கிடக்கு."

"அழுதால் நனையாது. நீ வாளியைப் பிடி" என்று சொல்லிவிட்டு, அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு துலாவில் ஏறினார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் துலா மிதிப்பதில்லை. வெள்ளாளக் குடும்பத்துப் பெண் ஏறுவதை யாரும் நினைத்தும் பார்த்ததில்லை. ஒழுங்கை முழுவதும் வேலியோரம் கூடிவிட்டது. அக்காவுக்கு அந்த நடை வரவில்லை. இரண்டு பக்கமும் கட்டியிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, பாம்பின்மேல் நடப்பதுபோல ஒவ்வோர் அடியாக வைத்தார்.

"ஈப்போ, உன்ரை மனிசன் வந்து இந்தக் கோலத்தைப் பாத்தால் என்ன சொல்லுவான்?" என்று கல்வீட்டார் கேட்டார்.

அக்கா மேலிருந்தபடியே சொன்னார். "இறங்கு, நான் மிதிக்கிறன் எண்டு சொல்லுவார். நிண்டு பாக்கிற நீங்கள் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லையே, அண்ணை."

ஒழுங்கை கலைந்து போயிற்று. ஆனால் அந்த இரண்டு பெண்களுடைய பலத்துக்கு ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது கன்றுக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. மாசி பிறக்கும்போது பாதிக் கன்று கருகிவிட்டது. அக்காவின் பாதம் வெடித்து, நடக்கும்போது மண்ணில் ஈரமாகப் பட்டது. ஊரே பார்க்கத் துலா ஏற முடிந்தவருக்கு, அந்தச் சத்தியக்கடதாசியில் ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை. நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு வாய் இருந்தது.

இரண்டு கிழமைக்கு ஒரு தவணையாக வழக்கைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தவணையிலும் சாட்சி வரவில்லை என்று வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். மூன்றாம் தவணைக்கும் நாங்கள் போயிருந்தோம். கல்வீட்டுப் பெடியன் வெளுத்த வேட்டியோடு, தலைவாரி, தகப்பன் பக்கத்தில் வந்து நின்றான். செல்லனை விலங்கு போட்டுக் கொண்டு வந்தார்கள். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், காய்ச்சல்காரன் மாதிரி இருந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் எட்டிப் பார்த்து, "உந்த ரெண்டிலை ஆர் கள்ளன்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், "உவன்தான் போலை" என்று செல்லனைக் காட்டினாள்.

எங்களைக் கடந்து போகும்போது செல்லன் கேட்டான். "நாச்சியார், கண்டு எப்பிடி?"

"நிக்குது செல்லன்" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இன்னும் எத்தினை தவணை?"

அதற்குள் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலை நான் அண்ணையின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். படலை வழக்கம்போலத் திறந்திருந்தது. அவர் முற்றத்தில் இருந்து பாதத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. நின்றபடியே வாசித்தேன். ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன்.

அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"எப்ப வந்தது கடதாசி?"

"ஆனியிலை, அக்கா."

விரல் மடித்து எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாசி வரைக்கும் வாய்க்குள் சொன்னார்.

"அப்ப நீ எழுதினதெல்லாம் ஆருக்கு எழுதினனி?"

நான் அழுதேன். அவர் அழவில்லை; என்னை ஏசவும் இல்லை. எழுந்து கால் கழுவிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. அதைத் தொட்டார், பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

"வா. பிரக்கிராசியாரிட்டைப் போவம்."

சத்தியக்கடதாசியைப் பிரக்கிராசியாருடைய எழுத்தர் உரத்து வாசித்தார். அறையிலும் விறாந்தையிலும் வேறு வழக்குக்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். அக்காவின் முழுப் பெயர், கணவரின் முழுப் பெயர், ஊர், கலியாணம் நடந்த வருடம். அவர் என்னைக் கைவிட்டுவிட்டார், திரும்பி வரமாட்டார்.

"இது நான் சொல்ல வேணுமோ, கடதாசி சொன்னால் காணுமோ?" என்று அக்கா கேட்டார்.

"மெய்யெண்டு நீர் வாயாலை சொல்ல வேணும்."

"ஓம்" என்றார்.

"கேக்கேல்லை, பிள்ளை."

"ஓம்" என்று இரண்டாம் தரம் சொன்னார். விறாந்தைவரை கேட்டது.

பட்டினத்துக் கோட்டில் உத்தரவு கிடைக்க இன்னும் நாலு கிழமை சென்றது. நாலாம் தவணை அதற்குள் வந்து போயிற்று. ஐந்தாம் தவணையன்று காலையில்தான் உத்தரவு தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் விடியவே பட்டினத்துக்குப் போய்க் காத்திருந்தோம். கடதாசி எழுதி முடிந்துவிட்டது; முத்திரை குத்துகிறவர் வரவில்லை. பத்து மணிக்கு வந்தார். ஒரு ஒற்றைமாட்டுத் திருக்கல் வண்டி பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். வழிநெடுக அக்கா உத்தரவைச் சேலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். "வண்டில்காரத் தம்பி, கொஞ்சம் தட்டி விடடா" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

நாங்கள் கோட்டு வாசலில் இறங்கியபோது செல்லன் வெளியே, வேப்பமரத்தின் கீழே நின்றான். கையில் விலங்கில்லை. வள்ளி பக்கத்தில் நின்றாள். அவன் சிரித்தான்.

"விட்டிட்டினம், நாச்சியார்."

"என்னெண்டு விட்டவை? ஆர் பிணை நிண்டது?"

"ஒருத்தரும் நிக்கேல்லை. உள்ளுக்கை இருக்கிறவங்கள் சொன்னாங்கள், இல்லையெண்டு நிண்டால் சித்திரை மட்டும் கிடப்பாய், ஓமெண்டு சொன்னால் இருந்த நாளைக் கழிச்சு இண்டைக்கே விடுவினமெண்டு. செய்தனியோ எண்டு முதலியார் கேட்டார். ஓமெண்டன்."

அக்காவின் கை தலைப்பு முடிச்சுக்குப் போயிற்று.

"நீ செய்யேல்லையே, செல்லன்."

"இல்லை நாச்சியார். ஆனால் கண்டுக்குத் தண்ணி விட வேணுமே."

அவனுக்குப் பின்னால் கல்வீட்டார் மகனோடு படியிறங்கி வந்தார். ஒருவன் ஒப்புக்கொண்டதால் மற்றவன்மேல் வழக்கில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

அக்கா தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்க்கவேயில்லை. தனக்காக என்ன எழுதிக் கொடுக்கப்பட்டதென்று செல்லனுக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியில், மிஞ்சிய கன்றுகளுக்கு முனை முறிக்கிற பருவம் வந்துவிட்டதா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். நாங்கள் பின்னால் நடந்தோம்.

மிஞ்சிய கன்றில் கிடைத்த புகையிலையை வாங்க வியாபாரிகள் வரவில்லை. கள்ளனுடைய புகையிலை என்றார்கள். கள்ளன்தானே, அவனே ஒப்புக்கொண்டானே. துலா மிதிக்கவும் பிறகு அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. ஊரில் தேங்காய் காணாமற் போனாலும் பொலிசு முதலில் அவன் குடிசைக்குத்தான் வந்தது. இரண்டாம் முறை பிடித்தபோது பிணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார்களாம். ஆரும் வேண்டாம், எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கோ என்றானாம். அது முடிந்து வந்ததும், காடு வெட்டுகிற வேலைக்கென்று வன்னிப் பக்கம் போனான். ஒரு மழைக்காலம் கழிந்து வள்ளி அக்காவின் படலைக்கு வெளியே வந்து நின்று, "வருவாரோ நாச்சியார்?" என்று கேட்டாள். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்றேன். அக்கா உள்ளே போய் ஒரு சுளகில் அரிசி கொண்டுவந்து அவளுடைய கடகத்தில் போட்டார். வள்ளிக்குப் புரிந்துவிட்டது. அரிசியை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வருடத்திலிருந்து அக்காவைக் கலியாண வீடுகளில் முன்னால் நிற்கக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். கணவன் வரமாட்டான் என்று சத்தியம் செய்த பெண் ஆரத்தி எடுக்கலாமோ என்று யாரோ கேட்க, எல்லாரும் பேசாமலிருந்துவிட்டார்கள். நானும் பேசாமலிருந்தேன். அக்கா குங்குமம் வைப்பதை விடவில்லை; யாரும் அதைப்பற்றிக் கேட்கவுமில்லை. இரவல் கேட்டால் இன்னும் கொடுத்தார். ஆனால் கொடுத்த பொருளின் பெயரை என்னைக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவித்தார். என்னிடம் அவர் கேட்ட எழுத்து வேலை அதன்பின் அது ஒன்றுதான்.

பல வருடம் கழித்து யுத்தம் வந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருந்தார்கள். கடிதமும் மணியோடரும் ஒரே கிழமையில் நின்றுபோயின. பெண்கள் கோயிலுக்குப் போவார்கள். திரும்பும் வழியில், பழைய பழக்கமோ என்னவோ, அக்கா வீட்டுக்கும் போவார்கள். அவரைக் கலியாணத்துக்குக் கூப்பிடாதவர்கள்தான். செத்தவனும் எழும்பி வருவான் என்று அந்த வாயைப் பகிடி பண்ணிய கல்வீட்டாரும் போனார். அவருடைய இரண்டாவது மகன் சிங்கப்பூரில் இருந்தான்.

அக்கா எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாராம். "எப்ப வந்தது கடைசிக் கடதாசி?" அவர்கள் மாதம் சொல்வார்கள். அவர் தலையசைப்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

என்னுடைய அண்ணையிடமிருந்து கடிதம் வந்து பதினொரு மாதமாயிற்று. ஒரு நாள் பின்னேரம் நானும் போனேன். படலை கயிற்றால் கட்டியிருந்தது. எவ்வளவு காலமாக அப்படிக் கட்டுகிறார் என்று தெரியவில்லை. பக்கத்து வளவில் இருந்துகொண்டு நான் கவனித்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் அக்கா வந்து முடிச்சை அவிழ்த்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது.

"கொண்ணையோ?" என்று என் அண்ணையைப் பற்றிக் கேட்டார்.

"ஓம் அக்கா. ஒண்டும் வரேல்லை."

என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. ஒரு சொல் சொல்வார் என்று நின்றேன். எந்த ஊர் என்று தெரியாத துணிக்காரனைப் பற்றியும் சொன்ன, வருவான் என்ற அந்தச் சொல்தான். அவர் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி, செம்பில் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். நான் ஒழுங்கைக்கு வந்ததும் பின்னால் அவர் படலையை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது.